ஆள் இருக்கும் வீட்டை வாங்குவது: ஸ்டைவசன்ட் டவுன் கணக்கு

போன மாதம் கல்லூரி நண்பன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து ஒரு எக்ஸெல் கோப்பு அனுப்பினான். ஓஹையோவில் பழைய அபார்ட்மெண்ட் கட்டடம் ஒன்று விலைக்கு வருகிறது. 24 வீடுகள், எல்லாவற்றிலும் ஆள் குடியிருக்கிறார்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து பணம் போட்டு வாங்குவது, சமையலறையையும் குளியலறையையும் புதுப்பிப்பது, வாடகையை ஏற்றுவது, ஐந்து வருடத்தில் நல்ல விலைக்கு விற்றுவிடுவது. அவ்வளவுதான் திட்டம். "மச்சி, நீ ஒன்னும் பண்ண வேண்டாம், பணத்தை மட்டும் போடு" என்றான்.

நான் ரியல் எஸ்டேட் படித்தவன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். கையில் ஒரு எக்ஸெல் கிடைத்தால் முடிவில் வரும் லாபத்தைப் பார்க்காமல், ஃபார்முலாக்களைத் திறந்து எது எதை நம்பி நிற்கிறது என்று பார்க்கிற வியாதி உண்டு. இந்தக் கோப்பில் எல்லாக் கோடுகளும் கடைசியில் ஒரே கட்டத்தில் போய் முடிந்தன: "வருடத்துக்குக் காலியாகும் வீடுகள், 35%". அதற்குப் பின்னால் ஃபார்முலா எதுவும் இல்லை. யாரோ கையால் அடித்த எண்.

அந்த 35%-க்குள் இருப்பவர்கள் யார், அவர்கள் ஏன் காலி செய்ய வேண்டும் என்று கேட்டேன். "மார்க்கெட் பாத்துக்கும்" என்று பதில் வந்தது. மார்க்கெட் எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று தேடப் போய்த்தான் ஸ்டைவசன்ட் டவுன் கதைக்குள் விழுந்தேன். இதே திட்டம் இதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிய அளவில் அங்கே நடந்திருக்கிறது. அதைப் பற்றி ஆங்கிலத்தில் தனிப் புத்தகங்களே உண்டு. பத்திரிகையாளர் சார்ல்ஸ் பாக்லி 2013-இல் எழுதிய 'அதர் பீப்பிள்ஸ் மனி' ஒன்று. அங்கேயே வளர்ந்து, பிறகு நகர மன்ற உறுப்பினராக இருந்த டேனியல் கரோட்னிக் 2021-இல் எழுதிய 'சேவிங் ஸ்டைவசன்ட் டவுன்' இன்னொன்று. நான் இங்கே விமர்சிக்கப் போவது புத்தகங்களை அல்ல, அந்த வியாபாரத்தின் கணக்கை.

இடம்

நியூயார்க், மன்ஹாட்டனின் கிழக்கு ஓரம். 14-ஆம் தெருவிலிருந்து 23-ஆம் தெரு வரை 80 ஏக்கர். ஸ்டைவசன்ட் டவுன், பீட்டர் கூப்பர் வில்லேஜ் என்ற இரட்டைக் குடியிருப்பு. 11,200-க்கும் மேற்பட்ட வீடுகள், சுமார் 25,000 பேர். நம்மூரில் ஒரு சிறிய பேரூராட்சி அளவு ஜனம்.

கட்டியது மெட்லைஃப் காப்பீட்டு நிறுவனம். 1947-இல் குடியேற்றம் தொடங்கியது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் வீடு என்பது நோக்கம். நகரம் நிலத்தை எடுத்துக் கொடுத்து வரிச்சலுகையும் தந்தது. ஏற்கெனவே அங்கிருந்த 'கேஸ் ஹவுஸ்' பகுதி மக்கள் சுமார் 11,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். கறுப்பின மக்களுக்கு ஆரம்பத்தில் அங்கே வீடு கிடையாது. ஆக, இது களங்கமே இல்லாத சொர்க்கம் எல்லாம் இல்லை. ஆனால் ஆசிரியர், செவிலியர், போலீஸ்காரர், தீயணைப்பு வீரர் என்று சம்பளக்காரர்கள் மன்ஹாட்டனில் தலைமுறையாக வாழ முடிந்த இடம்.

2006 அக்டோபரில் மெட்லைஃப் இதை விற்றது. வாங்கியவர்கள் டிஷ்மன் ஸ்பையர், பிளாக்ராக் நிறுவனங்கள். விலை 540 கோடி டாலர். அமெரிக்க ரியல் எஸ்டேட்டில் ஒரே சொத்துக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. குடியிருப்போர் சங்கமும் ஏலத்தில் கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை.

புதுப்பித்தல் என்ற பொத்தான்

விற்கும்போது ஏறக்குறைய நான்கில் மூன்று வீடுகள் வாடகைக் கட்டுப்பாட்டில் இருந்தன. அதாவது வருடா வருடம் எவ்வளவு ஏற்றலாம் என்று நகரத்தின் வாரியம் சொல்லும், குத்தகையைப் புதுப்பிக்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. அப்படியென்றால் இவ்வளவு விலை ஏன்? கட்டுப்பாட்டிலிருந்து வெளியே போக ஒரு வழி இருந்தது. அந்தக் காலத்துச் சட்டத்தை ஒரு புரோகிராம் மாதிரி எழுதிப் பார்த்தால்:

1. ஆள் காலி செய்தால் வாடகையை 20% ஏற்றிக்கொள்ளலாம்.
2. வீட்டைப் புதுப்பித்தால், செலவில் நாற்பதில் ஒரு பங்கை மாத வாடகையில் சேர்க்கலாம். நிரந்தரமாக.
3. காலியான வீட்டின் வாடகை இப்படி 2,000 டாலரைத் தொட்டால் கட்டுப்பாடு போய்விடும். அதற்குமேல் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஒரு உதாரணம் போடுவோம். மாதம் 1,200 டாலர் கொடுத்தவர் போகிறார். 20% சேர்த்தால் 1,440. இன்னும் 560 தேவை. 560-ஐ 40-ஆல் பெருக்கினால் 22,400. அதாவது 22,400 டாலருக்குக் கிரானைட் மேடை, புது அடுப்பு, புதுத் தரை போட்டால் அந்த வீடு விடுதலை! 40 மாதத்தில் செலவு திரும்பிவிடும், கூடுதல் வாடகை மட்டும் அப்படியே நிற்கும்.

இதைக் கணக்குப் போட்டபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. பழைய வீட்டுக்கு மராமத்து தேவை என்பதால் புதுப்பிப்பது ஒரு வகை. 2,000-ஐத் தொட வேண்டும் என்பதற்காகப் புதுப்பிப்பது வேறு வகை. இரண்டாவதில் கிரானைட் கல் என்பது கல் அல்ல, ஒரு கட்டளை வரி. அந்த வரி ஓடுவதற்கு முன்நிபந்தனை, உள்ளே இருப்பவர் வெளியே போக வேண்டும்.

2008-தான் காரணமா?

2010 ஜனவரியில் கடன் தவணை தவறி, சொத்தையே கடன் கொடுத்தவர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஏன் தோற்றது என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில்: "பாவம், 2008 நெருக்கடி வந்துவிட்டது." இதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் இந்தக் கணக்கு.

வாங்கியபோது வாங்கிய கடன் மொத்தம் 440 கோடி டாலர். வட்டி 6% என்றே வைத்துக்கொண்டாலும் வருடம் 26.4 கோடி. 2006-இல் அந்தச் சொத்து ஈட்டிய நிகர வருமானம் சுமார் 11.2 கோடி. ஆக, முதல் நாளிலிருந்தே வருடம் 15 கோடி டாலர் துண்டு விழுகிறது. அது தெரிந்தேதான் வட்டி கட்டுவதற்கென்று 40 கோடியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். 40-ஐ 15-ஆல் வகுத்தால் இரண்டே முக்கால் வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது 2009-இன் நடுப்பகுதி. வருமானம் கொஞ்சம் கூடினால் இன்னும் சில மாதம் தாங்கும். அந்தப் பணம் தீரும் தேதி கிட்டத்தட்ட வாங்கிய அன்றே எழுதப்பட்டுவிட்டது.

2011-க்குள் நிகர வருமானம் 33.6 கோடி ஆகும், அதாவது மூன்று மடங்கு, என்று எதிர்பார்த்தார்கள். எப்படி ஆகும்? ஒரு வீடு கட்டுப்பாட்டிலிருந்து வெளியே வந்தால் மாதம் 2,000 டாலர் கூடுதலாகக் கிடைக்கும் என்று தாராளமாக வைப்போம். வருடத்துக்கு 24,000. மற்ற வரவு செலவு மாற்றங்களை ஒதுக்கிவிட்டு, வட்டியை மட்டும் ஈடுகட்ட எத்தனை வீடு தேவை? 15.2 கோடியை 24,000-ஆல் வகுத்தால் 6,300-க்கு மேல். கட்டுப்பாட்டில் இருந்தவை மொத்தமே சுமார் 8,400. நான்கில் மூன்று குடும்பங்கள் மூன்று வருடத்துக்குள் போயாக வேண்டும்!

வாடகை மலிவாக இருக்கும் வீட்டை, அதுவும் மன்ஹாட்டனில், யார் சும்மா விட்டுப் போவார்கள்? இயல்பாக அது நடக்காது என்பதால் அடுத்து நடந்ததும் ஆச்சரியமில்லை. "நீங்கள் உண்மையில் இங்கே வசிக்கவில்லை, உங்கள் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டோம்" என்ற ரீதியில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு நோட்டீஸ் போனது. தப்பாகப் பயன்படுத்தியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். ஆனால் பல வருடம் அங்கேயே சோறு பொங்கித் தின்ற ஒருவர், தான் அங்கேதான் வசிக்கிறேன் என்று மின்கட்டண ரசீதோடு நிரூபிக்க வேண்டிய நிலையை யோசித்துப் பாருங்கள். அந்த எக்ஸெல் கட்டத்துக்குள் இருப்பது இதுதான்.

கட்டத்துக்குள் இருந்தவர்கள் சட்டம் படித்தார்கள்

கணக்கில் வராத இன்னொன்று. 'ஜே-51' என்று நியூயார்க்கில் ஒரு வரிச்சலுகை உண்டு. கட்டடத்தைச் சீரமைத்தால் சொத்து வரி குறையும், பதிலுக்கு அந்தக் கட்டடம் வாடகைக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். 1992 முதல் இந்தக் குடியிருப்புக்கு அந்தச் சலுகை கிடைத்து வந்தது. ஒரு கையால் சலுகை வாங்கிக்கொண்டு மறு கையால் வீடுகளைக் கட்டுப்பாட்டிலிருந்து எடுத்தது எப்படிச் சரி என்று குடியிருந்தவர்கள் 2007 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள். முதல் சுற்றில் தோற்றார்கள். 2009 அக்டோபர் 22-இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் 4-2 என்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதுவரை கட்டுப்பாடு நீங்கிவிட்டதாக நினைத்த 4,000-க்கும் மேற்பட்ட வீடுகள் மறுபடி உள்ளே வந்தன. பிறகு ஏற்பட்ட சமரசத்தில் கூடுதலாக வாங்கிய வாடகைக்கு 6.875 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொள்ளப்பட்டது.

உரிமையாளர் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். மாநில வீட்டுவசதித் துறையே பல வருடம் 'அப்படிச் செய்யலாம்' என்றுதான் விதிக்கு விளக்கம் சொல்லி வந்தது. அதை நம்பியவர்களை முட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் தீர்ப்பு எதிர்பாராத விபத்தும் அல்ல. வழக்கு வாங்கிய மூன்றாம் மாதமே வந்துவிட்டது. குடியிருப்பவரைச் சதவீதமாக மட்டும் பார்த்ததால் வந்த கோளாறு அது. சதவீதத்துக்கு வக்கீல் வைக்கத் தெரியாது. ஆசிரியருக்கும் செவிலியருக்கும் தெரியும்.

யார் பணம் போனது என்பதையும் பாருங்கள். டிஷ்மன் ஸ்பையரும் பிளாக்ராக்கும் போட்ட சொந்தப் பணம் ஆளுக்குச் சுமார் 11 கோடி. கலிஃபோர்னியா அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி போட்டது 50 கோடி. ஃப்ளோரிடா ஓய்வூதிய நிதி 25 கோடி. எல்லாம் போச்சு. ஒரு மாநிலத்து அரசு ஊழியரின் ஓய்வூதியம், இன்னொரு மாநிலத்து அரசு ஊழியரை வீட்டிலிருந்து கிளப்புவதில் முதலீடு செய்யப்பட்டு, இரண்டு பேருக்கும் நஷ்டம்.

மறுபக்கம்

2015-இல் பிளாக்ஸ்டோனும் கனடாவின் ஐவன்ஹோ கேம்பிரிட்ஜும் சுமார் 530 கோடிக்கு இதை வாங்கின. 5,000 வீடுகளை 20 வருடத்துக்கு நடுத்தர மக்களுக்கு ஏற்ற வாடகையில் வைத்திருப்பதாக நகரத்தோடு ஒப்பந்தம். 2019-இல் மாநிலம் மேலே சொன்ன மூன்று வரிகளையும் மாற்றி எழுதியது. 20% ஏற்றமும் கட்டுப்பாடு நீக்கமும் ரத்து. புதுப்பிப்புச் செலவில் வாடகையில் ஏற்றக்கூடியது 15 வருடத்துக்கு 15,000 டாலர் மட்டும்.

இதிலும் சிக்கல் உண்டு. பல பத்தாண்டு ஒருவர் குடியிருந்து போன வீட்டில் ஈயக் குழாய், பழைய வயரிங் எல்லாம் மாற்ற 15,000 போதாது. செலவு திரும்பாது என்று வீட்டைப் பூட்டியே வைக்கிறோம் என்கிறார்கள் சிறிய உரிமையாளர்கள். அதில் உண்மை இருக்கிறது. 2024-இல் அந்த வரம்பு ஓரளவு தளர்த்தப்பட்டது. வீட்டைப் பழுது பார்ப்பவருக்குச் செலவு திரும்ப வேண்டும், ஆளைக் கிளப்புபவருக்குப் பரிசு கிடைக்கக் கூடாது. இரண்டையும் பிரிக்கிற விதி எழுதுவது லேசான வேலை இல்லை.

நண்பனின் கோப்பு

ஓஹையோ நியூயார்க் அல்ல. அங்கே வாடகைக் கட்டுப்பாடு கிடையாது, குத்தகை முடிந்தால் வாடகையை ஏற்றலாம். நண்பன் செய்வதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. ஆனால் ஒரு சோதனை எந்த ஊருக்கும் பொருந்தும் என்று தோன்றுகிறது. 35% இருந்த கட்டத்தில் 0 போட்டுப் பார்த்தேன். அதாவது எல்லோரும் அப்படியே இருக்கிறார்கள், வீட்டைச் சரி செய்கிறோம், அவர்களால் தாங்கக்கூடிய அளவு வாடகை ஏற்றுகிறோம். அப்போதும் லாபம் வந்தால் அது வீட்டு வியாபாரம். வராவிட்டால் நாம் விலை கொடுத்து வாங்குவது அந்த மனிதர்கள் போகப்போவதை.

அந்தக் கோப்பில் 0 போட்டதும் வருமானம் இங்கே வங்கி எஃப்.டி.யில் கிடைப்பதைவிடக் கீழே இறங்கியது. நண்பனிடம் சொன்னேன். "எல்லா டீலும் அப்படித்தான்டா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, அந்த 24 வீட்டில் எத்தனை பேர் வயதானவர்கள் என்று விசாரிக்கிறேன் என்றான். நான் பணம் போடவில்லை. அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.

மேலே போட்ட கணக்குகள் தோராயமானவை, பேப்பரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.