வாளி நிறைய இரத்தம்

ஸ்டீஃபன் கிங் எழுதி 1974இல் வெளிவந்த நாவலைத் தழுவி, பிரையன் டி பால்மா 1976இல் இயக்கிய அமெரிக்கப் படம் 'கேரி'. பள்ளித் தோழியரின் ஏளனத்துக்கு இரையான ஒரு பெண். பொருள்களை மனத்தால் அசைக்கும் ஆற்றல் அவளுக்குண்டு. நடன விழாவில் அவளை அரசியென முடிசூட்டிப் பன்றி இரத்தத்தை அவள்மீது கொட்டுகின்றனர். மண்டபம் எரிந்து அழிகிறது.

வெறும் திகிற்படமென இதனை ஒதுக்கலாகாது. அச்சம் அவள் வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. மகள் பருவமடைந்ததையே பாவமென்று தூற்றி, அவளை இருட்டறையில் அடைத்துப் பிரார்த்திக்கச் செய்யும் தாய், இறைவனின் சினத்தை மட்டுமே அறிந்தவள். அவன் கருணையை அறியாதவள். 'எல்லோரும் உன்னைக் கண்டு நகைப்பர்' என்று அவள் விதைத்த அச்சமே மேடையில் மகளின் கண்ணை மறைக்கிறது. திகைத்து நின்றோரும் நகைப்பதாகவே அவளுக்குத் தோன்றுகிறது. அவளுக்குப் பரிந்து நின்ற ஆசிரியையும் அவ்வழிவில் மாள்கிறார். அம்மரணத்துக்காக ஒரு கணமும் வருந்தாமல், திரையை இரண்டாகப் பிளந்து பழிவாங்கலை வேடிக்கையாக்கியதே இயக்குநரின் குறை.

அநீதிக்குள்ளானோரின் முறையீட்டுக்கு அஞ்சுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அம்முறையீட்டை முதலில் கேட்கவேண்டியவர்கள் பெற்றோரல்லரோ? வாடிய முகத்துடன் பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைக்கு நம் வீட்டில் காத்திருப்பது மடியா, இருட்டறையா?