காதுக்குள் ஒரு கொல்லன் பட்டறை

மட்டக்களப்பு வாவிக்கரையில், கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலய வளவில் விபுலானந்த அடிகளின் சமாதி இருக்கிறது. யாழ்நூல் தந்தவர் என்றுதான் ஊர் அவரைக் கொண்டாடும். அவர் லண்டன் விஞ்ஞானப் பட்டதாரி, 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர், 1938இல் 'கலைச்சொற்கள்' தொகுதி வரக் காரணமானவர்களில் ஒருவர் என்பதெல்லாம் அடுத்த வரியில் அடங்கிவிடும். எனக்கு அந்த அடுத்த வரிதான் ருசி.

அந்த வழியில் பின்னர் இலங்கையில் பிறந்த சொற்களைக் கேளுங்கள். நடுக்காதின் மூன்று சிற்றெலும்புகளுக்கு ஐரோப்பியர் சுத்தியல், பட்டடை, அங்கவடி என்று இலத்தீனில் பேரிட்டனர். எங்கள் பாடநூலில் அவை சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு. அந்த 'உரு' இருக்கிறதே, கைதேர்ந்த வேலை! எலும்பைச் சம்மட்டி என்று சாதிக்காமல், அதன் வடிவினது என்று உருவகத்தை உவமையாக இறக்கிவைக்கிறது. கவிதைக்குக் குறை, விஞ்ஞானத்துக்கு நிறை. மூன்றாவது இன்னும் நுட்பம். குதிரையேறாத பிள்ளை அங்கவடியை எங்கே கண்டது? சேணத்தைக் கழற்றிவிட்டு, காலை ஏந்தும் தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்பால் செவிப்பறை. பறைமேளக் கூத்து ஆடும் மட்டக்களப்புக்கு அதை விளக்கத் தேவையில்லை. பறையில் தோல் அதிர ஒலி பிறக்கும். காதில் ஒலி வரத் தோல் அதிரும்.

இழைமணி என்ற சொல்லும் அப்படித்தான். கிரேக்கத்தில் இழையும் மணியும் சேர்ந்த மைற்றோகொண்டிரியாவைப் பிரித்து, அதே முடிச்சைத் தமிழில் போட்டிருக்கிறார்கள். மயிர்த்துளைக்குழாயில் இலத்தீன் மயிர் அப்படியே நிற்கிறது, கூச்சப்படவில்லை.

எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்தார்கள் என்றில்லை. ரெற்றினாவின் இலத்தீன் வேர் வலை. மீன்பிடி ஊருக்கு வலை அந்நியமா என்ன? ஆனாலும் விழித்திரை என்றதே சரி, பிம்பம் விழுவது திரையில்தான். அணுக்கருவில் மட்டும் எனக்கு மனத்தாங்கல். பருப்பைக் குறித்த இலத்தீன் சொல் கருவானபோது, உயிர்க்கலத்துக்குப் பொருந்திய உருவகம் அணுவுக்குள் போய் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பதிப்பில் 'திசு' என்று எழுதுமுன் எங்கள் 'இழையம்' என்ற சொல்லை ஒருதரம் பாருங்கள். மூலச்சொல்லில் இருந்த நெசவு அதில் இன்னும் அறுபடாமல் இருக்கிறது.