பஞ்ச ககாரமும் பொருள்கோடலும்

சீக்கிய சமயத்தை அறிமுகஞ் செய்யும் கைநூல்களில் ஓர் அட்டவணை தவறாது இடம்பெறுவதைக் காணலாம். மழிக்காத கேசம், கங்கா எனும் மரச்சீப்பு, கரா எனும் இரும்புக் காப்பு, கச்சேரா எனும் அரைக்காற்சட்டை, கிர்ப்பான் எனும் குறுவாள் ஆகிய ஐந்தும் ககரத்தில் தொடங்குவதாற் பஞ்ச ககாரம் எனப் பெயர்பெற்றன என்று கூறி, ஒவ்வொன்றன் எதிரிலும் ஒரு பண்பு எழுதப்பட்டிருக்கும். கேசம் பக்தி, சீப்புத் தூய்மை, காப்புக் கட்டுப்பாடு, கச்சை ஒழுக்கம், வாள் வீரம். இது அகராதி முறை. செய்யுளொன்றின் சொற்களுக்குத் தனித்தனியே பொருள் எழுதிவிட்டுச் செய்யுளை விளக்கியாயிற்று என்று கருதும் உரைகாரரின் முறையும் இதுவே. தூய்மையைக் குறிக்கச் சீப்புத்தான் வேண்டுமா, நீர்க்குவளை ஆகாதா என வினவின் அட்டவணையிடம் விடை இல்லை.

அட்டவணை மறைத்துவிடும் முரண்பாடு ஒன்றும் உண்டு. சீக்கிய நெறியைத் தொடக்கிய குரு நானக் (1469–1539) புறச்சின்னங்களைக் கடுமையாக விமர்சித்தவர். அவர் சிறுவயதிற் பூணூல் அணிய மறுத்தார் என மரபு கூறும். யோகியரின் காதணியையும் திருநீற்றையும் அவர் உள்ளத்துப் பண்புகளாக மாற்றிப் பாடினார். அத்தகையவர் வகுத்த வழியிலே, 1699ஆம் ஆண்டு வைசாகி நாளில், ஆனந்தபூரில் பத்தாவது குருவான கோவிந்த சிங் நிறுவிய கால்சா, உடலிற் பூணும் அடையாளத்தையே உறுப்புரிமையின் நிபந்தனையாக்கியது. இதனை வீழ்ச்சி எனக் கொள்வாரும் உளர். அது அவசர முடிபாகும். நானக் மறுத்தது எதனை என்பது முதலிற் கேட்கப்படல் வேண்டும். பூணூல் பிறப்பைக் காட்டியது. கீழ்நிலைப்படுத்தப்பட்டோருக்கும் பெண்டிருக்கும் அது மறுக்கப்பட்டிருந்தது. யோகியின் கோலமோ உலகை விட்டு நீங்கியமையைக் காட்டியது. கால்சா தீட்சையில், இரும்புக் கலத்தில் இருமுனைக் கூர்வாளாற் கலக்கிய இனிப்பு நீரை அனைவரும் ஒரே கலத்திற் பருகினர். முதலில் முன்வந்த ஐவர் வெவ்வேறு குலத்தினர் என்றும், குருவே பின்னர் அவர்களிடம் தீட்சை பெற்றார் என்றும் மரபு வற்புறுத்துகின்றது. ஆகவே இங்கு சின்னம் பிறப்பாலன்றிச் சபதத்தால் வருவது. (சபதம் சமமாயினும் சமூகம் சமமாகவில்லை. மணவுறவிற் சாதி இன்றும் தொடர்கின்றது. பஞ்சாப்பின் ஊர்கள் பலவற்றிற் குலவாரியாகக் குருத்துவாராக்கள் உள்ளன.)

ஐந்தையும் ஒரே வாக்கியமாகப் படிக்க முயன்றவர் சமூகவியலாளர் ஜே. பி. எஸ். ஊபரோய். துறவு என்பதே அவரது வாசிப்பின் திறவுகோல். துறவி தலையை மழிக்கிறான், அல்லது சடையை வாராது விடுகிறான், ஆடையைக் களைகிறான், குடும்பம், தொழில், அரசு ஆகியவற்றினின்று விலகுகிறான். கால்சா தீட்சை இவற்றைத் தலைகீழாக்குகின்றது. கேசமும் சீப்பும் ஓரிணை. வாளும் காப்பும் மற்றோரிணை. ஒவ்வோரிணையிலும் முன்னது ஆற்றல், பின்னது அதன் எல்லை. மழிக்காத தலை மொட்டைக்கு மறுப்பெனின், நாள்தோறும் வாரி முடியப்பட்ட தலை சடைக்கு மறுப்பு. வாள் ஏந்துங் கையைக் காப்பு வளைத்து நிற்கின்றது. கச்சை உடலை வெறுக்கவுமில்லை, கட்டவிழ்த்து விடவுமில்லை. சீப்பு ஏன் வேண்டும் என்ற வினாவுக்கு இங்கேதான் விடை கிடைக்கின்றது: கேசம் இல்லாத இடத்திற் சீப்புக்குப் பொருளே இல்லை.

இவ்வாசிப்பின் அழகு மறுக்கவியலாதது. ஆயின் அது காலமற்ற வெளியில் நிற்கின்றது. ஐந்து எனும் தொகை 1699இலேயே முழுமையாக வரையறுக்கப்பட்டதா என்பதை மெக்லியோட் போன்ற வரலாற்றாசிரியர் ஐயுற்றனர். ஹர்ஜோத் ஒபரோய் 1994இல் வெளியிட்ட ஆய்வு, பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சீக்கியராயிருப்பதற்குப் பல வழிகள் இருந்தமையையும், 1873இல் அமிர்தசரசிலும் 1879இல் லாகூரிலும் தோன்றிய சிங் சபைகள் அவற்றுட் கால்சா வடிவத்தையே நியமமாக்கியமையையும் விரிவாகக் காட்டியது. தன் படையிற் சேர்ந்த சீக்கியர் இவ்வடிவத்தைப் பேணவேண்டுமெனப் பிரித்தானிய இராணுவமும் வற்புறுத்தியது. இன்று வழக்கிலுள்ள ஒழுக்கக்கோவை 1945இலேதான் அங்கீகாரம் பெற்றது. ஊபரோயின் வாசிப்புக்கு இங்கு ஓர் இடர் நேருகின்றது. நானக்கின் புதல்வர் ஸ்ரீ சந்தின் வழிவந்த உதாசியர் துறவிகள். குருத்துவாராக்கள் பலவற்றை நெடுங்காலம் நிர்வகித்தவரும் அவர்களே. எனவே துறவு மறுப்பு வெளியாரை நோக்கியது மட்டுமன்று; சீக்கிய சமூகத்தின் உள்ளேயே நிகழ்ந்த ஒரு வழக்கின் தீர்ப்புமாகும்.

எனினும் வரலாற்று நோக்கும் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. பட்டியல் எப்போது முழுமையுற்றது என்பதை அது சொல்லும். அதன் பொருட்டு மனிதர் ஏன் உயிர் கொடுத்தனர் என்பதைச் சொல்லாது. 1745ஆம் ஆண்டளவில் லாகூரிற் கேசத்தைக் களைய மறுத்தமையாற் தலைத்தோல் செதுக்கப்பட்டு இறந்தவராகத் தாரு சிங்கை மரபு போற்றுகின்றது. சிங் சபைகள் தோன்ற நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் இருந்தது.

இவ்விடத்துத் தமிழ் வாசகருக்குப் பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார் நினைவுக்கு வருதல் இயல்பு. முத்தநாதன் பூண்டது பொய்வேடம். அவன் வாளாற் குத்திய பின்னரும் நாயனார் வேடத்தையே மெய்யெனத் தொழுதார். அங்கே வேடம் காண்பவனிடம் வணக்கத்தைக் கோருகின்றது. கால்சா வேடமோ பூண்பவனிடம் கோருகின்றது. ஆபத்து வரும்வேளையிற் கூட்டத்தில் மறைந்துகொள்ள முடியாதவாறு அவன் தன்னையே கட்டிக்கொள்கிறான். கிர்ப்பானைக் காட்டிலும் கேசம் துணிவு மிக்க சின்னமாவது இதனாலேயே. வாளை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். முகத்தை வைத்துவிட்டுப் போகவியலாது.

அக்கோரிக்கையின் விலை 1984இல் வெளிப்பட்டது. ஒக்டோபர் 31ஆந் திகதி பிரதமர் இந்திரா காந்தி தம் சீக்கிய மெய்க்காவலர் இருவராற் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, டெல்லியில் மட்டும் அரசாங்கக் கணக்கின்படி 2,733 பேர் கொல்லப்பட்டனர். தெருவில் ஆளை அடையாளங்காணப் பெயர் கேட்கவேண்டியிருக்கவில்லை. தலைப்பாகையும் தாடியும் போதுமாயிருந்தன. தம் கையாலேயே, அல்லது தாயின் கையாற் கேசத்தைக் களைந்து உயிர் தப்பியோர் பலர். பக்தி, தூய்மை, வீரம் எனும் அட்டவணையை அவர்கள் முன் வைத்துப் பார்ப்பின் அது எத்துணை வறியது என்பது புலனாகும். கேசத்தைக் களைந்தவர் பக்தியிற் குறைந்தவரல்லர். ஆனால் களைந்தது வெறும் மயிர் என்று அவர்களிற் பலர் எண்ணவுமில்லை.

சட்டம் இப்பொருளை அணுகிய விதமும் கவனத்துக்குரியது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரை, கிர்ப்பான் தரித்தலைச் சீக்கிய சமயத்தைப் பின்பற்றுதலின் ஓர் அங்கமாக ஏற்றது. கனடாவில் கியூபெக் மாகாணத்துப் பாடசாலைச் சிறுவனொருவனின் வழக்கில் 2006ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அவனுக்குச் சார்பாகவே தீர்த்தது. எனினும் வாள் மரவுறையிலிட்டுத் துணியுள் வைத்துத் தைக்கப்பட்டு, உடைக்கு உள்ளேயே அணியப்படல் வேண்டும் என்ற நிபந்தனைகள் நிலைத்தன. பிரான்சோ 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால், வெளிப்படையாகத் தோன்றும் சமயச் சின்னங்களை அரசாங்கப் பாடசாலைகளிலிருந்து விலக்கியது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2012இல் சீக்கிய மாணவனொருவன் பக்கம் நின்றபோதும் அச்சட்டம் மாறவில்லை. அவனை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியது வாளன்று. கேசத்தை மூடியிருந்த சிறிய தலைத்துணி. பஞ்ச ககாரப் பட்டியலில் அத்துணிக்கு இடமில்லை.