வெளியீட்டுக்கு முந்தைய நிறுவல்

பைஎஸ்பிஎச் என்ற பைத்தான் தொகுப்பு, பாய்மங்களைத் துகள்களின் கூட்டமாகக் கொண்டு அவற்றின் ஓட்டத்தைக் கணிப்பது. மும்பை பவாயில் உள்ள ஐஐடியின் விண்வெளிப் பொறியியல் துறையில் பேராசிரியர் பிரபு ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் உருவாக்கியது. வெளியிடப்பட்ட பதிப்பு பைபிஐ களஞ்சியத்தில் கிடைக்கும். அதற்குப் பின் செய்த திருத்தங்கள் கிட்ஹப்பில்தான் இருக்கும். அவை தேவைப்படுவோர் மூலநிரலை இறக்கிக்கொண்டு, அந்தக் கோப்புறையிலிருந்தே நிறுவும்படி பிப் கருவியிடம் சொல்லலாம். எடிட்டபிள் முறையைத் தேர்ந்தால் பிப் நிரலை நகலெடுக்காது. கோப்புறைக்கு ஓர் இணைப்பை மட்டும் வைக்கும். திருத்திய வரி அடுத்த ஓட்டத்திலேயே நடைமுறைக்கு வரும்.

இம்முறையின் பெரிய பலம், ஒன்றையொன்று சார்ந்த தொகுப்புகளைச் சேர்த்து வளர்ப்பதில் தெரியும். பைஎஸ்பிஎச்சிலிருந்து காம்பைல், சைஅரே என்னும் பகுதிகள் தனித் தொகுப்புகளாகப் பிரிந்தன. காம்பைலில் செய்யும் மாற்றம் பைஎஸ்பிஎச்சை உடைக்கிறதா என்பதை, வெளியிடுவதற்கு முன்பே ஒரே கணினியில் பார்த்துவிடலாம். வேறு எந்த வழியும் இவ்வளவு விரைவாக இதைக் காட்டாது.

குறைகளும் அந்த இணைப்பிலிருந்தே வருகின்றன. கம்பைல் செய்தே ஓட்டப்படும் சைத்தான் மொழியில் எழுதிய கோப்பைத் திருத்தினால் மீண்டும் கம்பைல் செய்தாக வேண்டும். மறந்தால் புதிய மூலநிரலோடு பழைய இருமக் கோப்பு ஓடும். பிழை எங்கே என்று தேடியே நாள் போகும். அமைவுக் கோப்பில் சேர்க்காமல் விட்ட தரவுக் கோப்பும், கோப்புறையிலேயே கிடப்பதால், எழுதியவருக்குக் குறையாகத் தெரியாது. வெளியான பதிப்பை நிறுவுபவருக்குத்தான் அது இல்லாமல் போகும்.

இவற்றைவிடக் கடுமையானது, அதே நிறுவலைப் பிறர் மீண்டும் உருவாக்க முடியாத மறுஆக்கச் சிக்கல். பதிப்பு எண் அப்படியே நிற்க, உள்ளிருக்கும் நிரல் தினமும் மாறுகிறது. கோப்புறையிலிருந்து நிறுவியதைப் பிப் பட்டியலிடும்போது அந்தக் கணினியின் பாதையையே குறிக்கக்கூடும். மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ. கல்லூரி மாணவர் அனுப்பும் அத்தகைய பட்டியலை வைத்துச் செம்பூரில் இருப்பவர் எதையும் நிறுவ முடியாது. கணக்கீட்டு ஆய்வில் இது சிறு குறையன்று. ஆய்வு முடிவுகளை மறுபடி ஓட்டிப் பார்க்க ஆட்டோமேன் என்ற கருவியைப் பற்றியே 2018-இல் கட்டுரை வெளியிட்டவர் பிரபு ராமச்சந்திரன்.

இதற்கு மாற்று, கிட் முகவரியோடு, நிரலின் குறிப்பிட்ட ஒரு நிலையைச் சுட்டும் கமிட் அடையாளத்தையும் சேர்த்துப் பிப்பிடம் தருவது. வெளியிடாத நிரலாக இருந்தாலும் எல்லாருக்கும் அதே வரிகள் கிடைக்கும். 2020-இல் வந்த பிப் 20.1 முதல், இந்த அடையாளம் நிறுவலோடு பதிவும் ஆகிறது. ஆனால் இத்தகைய முகவரிகளைச் சார்புகளாகக் கொண்ட தொகுப்பைப் பைபிஐ ஏற்பதில்லை. பொது வெளியீட்டுக்கு இது உதவாது.

ஆகவே எடிட்டபிள் நிறுவல் நிரலை எழுதுபவரின் கணினியோடு நிற்க வேண்டும். பிறர் கைக்குப் போவது கமிட் அடையாளமோ முறையான வெளியீடோதான். கணக்கீட்டு ஆய்வேடுகளை ஏற்கும்போது கல்லூரிகள் அந்த அடையாளத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.