வெட்டப்பட்ட முடிவு

மேட்டூர் அணை திறந்தாயிற்று என்று கேட்டவுடன் முத்துப்பேட்டைப் பக்கத்து உழவர் விதை தூவிவிடுவதில்லை. தண்ணீர் எந்த மதகைக் கடந்தது, கண்டவர் யார் என விசாரிப்பார். கடைமடைக்காரரின் விவேகம் அது. கைபேசியில் வரும் செய்தியிடம் நாம் இவ்வளவுகூடக் கேட்பதில்லை.

2018இல் வாட்ஸ்அப் வழியே நாடெங்கும் பரவிய காணொளி ஒன்றை, ஒரு படைப்பாகவே எடுத்து நோக்குவோம். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், தெருவில் நிற்கும் குழந்தையைத் தூக்கிச் செல்கின்றனர். அவ்வளவே. உண்மையில் அது, குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்திக் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மூலத்தில் அவர்கள் திரும்பி வந்து, குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகத்தை விரித்துக் காட்டுகின்றனர். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டனர். படத்தில் பொய்க்காட்சி ஒன்றையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை, கழித்தலே போதுமானதாயிற்று. நல்ல நோக்கத்தோடு நடித்தவர்களின் திறமையே பொய்க்குத் துணைபோனது என்பதை எண்ணும்போது நமக்கு வேதனை மிகுகிறது.

அவ்வாண்டு மே மாதம், பிள்ளைபிடிப்போர் பற்றிய வதந்திகள் தமிழகத்தில் மூண்டிருந்த வேளை. குலதெய்வக் கோவிலைத் தேடிச் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வழி கேட்க நின்றது. அவர்களுள் 65 வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் திரண்டு அவரை அடித்தே கொன்றது. ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியை முன்னனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பு வைக்கப்போவதாக வாட்ஸ்அப் நிறுவனம் அறிவித்தது ஜூலையில்தான்.