ஓய்வு அமிலத்தைக் கழுவுகிறதா?

ஓடிக் களைத்தவருக்குக் கால் கனப்பது ஏன் என்று எந்த மாணவரையும் கேட்டுப் பாருங்கள். “தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது, ஓய்வெடுத்தால் இரத்தம் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும்” என்று உடனே விடை வரும். பாடக் குறிப்புகளிலும் உடற்பயிற்சி நூல்களிலும் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் விளக்கம் இது. எளிமையானது, மனத்தில் பதியக்கூடியது. ஆனால் சரியானதுதானா? சற்று உரைத்துப் பார்ப்போம்.

1960ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர்களான ஆஸ்ட்ராண்டு, கிறிஸ்டென்சன் முதலியோர் ஒரு சோதனையை வெளியிட்டனர். உடல் வலிமை மிக்க ஒருவரை நிலையான சைக்கிளில் அமர்த்தி மிதிக்கச் செய்தார்கள். வேலை நிமிடத்திற்கு 2,160 கிலோகிராம்-மீட்டர். அதாவது ஏறக்குறைய 353 வாட். அரைக் குதிரைத் திறனுக்குச் சற்றே குறைவு. இடைவிடாது மிதித்தபோது 9 நிமிடத்தில் அவர் ஓய்ந்துபோனார். அப்போது அவரது இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 150 மில்லிகிராம் லாக்டிக் அமிலம் இருந்தது.

பிறகு அதே திறனில் 3 நிமிடம் வேலை, 3 நிமிடம் ஓய்வு என்று மாறி மாறிச் செய்தார். ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தார். ஆனால் அமிலம் 120 மில்லிகிராம் வரை ஏறியது. அடுத்து அரை நிமிடம் வேலை, அரை நிமிடம் ஓய்வு. இம்முறை அமிலம் 20 மில்லிகிராம்தான்! சும்மா அமர்ந்திருப்பவரின் இரத்தத்திலேயே ஏறக்குறைய 10 மில்லிகிராம் உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இங்கே கவனியுங்கள். இடைவெளி விட்டுச் செய்த இரு முறைகளிலும் மொத்த வேலை ஒன்றே: 64,800 கிலோகிராம்-மீட்டர். மொத்த ஓய்வும் ஒன்றே: 30 நிமிடம். உட்கொண்ட ஆக்சிஜனிலும் பெரிய வேறுபாடு இல்லை. முன்னதில் 163 லிட்டர், பின்னதில் 154 லிட்டர். வேலை என்பது விசையையும் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வருவது என்று வகுப்பில் நான் சொல்லித் தருகிறேன். அந்தச் சூத்திரத்திற்கு ஓய்வு எப்போது எடுக்கப்பட்டது என்பது தெரியாது. தசைக்குத் தெரிகிறது.

‘கழுவும்’ விளக்கம் இங்கே தடுமாறுகிறது. ஓய்வின் வேலை அமிலத்தைக் கழுவுவதுதான் என்றால், இரண்டு முறையிலும் கழுவக் கிடைத்த நேரம் ஒன்றுதானே? அமிலம் ஏன் ஆறு மடங்கு வேறுபட வேண்டும்? அரை நிமிட முறையில் கழுவுவதற்கே அதிக அமிலம் உண்டாகவில்லை என்பதே பொருத்தமான விடை.

ஏன் உண்டாகவில்லை? நம் ஊர் ஊற்றுக் கிணற்றை எண்ணிப் பாருங்கள். நான்கு வாளி இறைத்துச் சற்று நின்றால் ஊற்று அதை நிரப்பிவிடும். நீர் தெளிவாகவே வரும். ஒரே மூச்சில் இறைத்தால் அடிமட்டம் தட்டிச் சேறு கலங்கும். தசையிலும் அத்தகைய கையிருப்பு உண்டு. ஒன்று, மையோகுளோபின் என்னும் சிவப்புப் பொருள் பிடித்து வைத்திருக்கும் ஆக்சிஜன். 1960இல் ஆய்வாளர்கள் இதையே முதன்மையாகக் கருதினர். மற்றொன்று, பாஸ்போகிரியேட்டின். தசையை இயக்கும் ஏ.டி.பி. என்னும் பொருளை நொடிப்பொழுதில் புதுப்பித்துத் தருவது இதுதான். இதன் பங்கு பெரிது என்பது பின்னர் தெளிவாயிற்று. செலவான பாஸ்போகிரியேட்டினில் ஏறக்குறையப் பாதி, அரை நிமிட ஓய்விலேயே மீண்டுவிடுகிறது. கையிருப்பு வற்றாதவரை, அமிலம் தரும் அவசர வழியைத் தசை அதிகம் நாட வேண்டியதில்லை.

இன்னொரு குறை. இரத்தத்தில் உள்ள லாக்டிக் அமிலத்தை அளந்துவிட்டுத் தசையின் அமிலத்தன்மையை அறிந்ததாக நினைக்கிறோம். 1980களிலிருந்து, பாஸ்பரஸ் அணுக்கருவின் காந்த ஒத்ததிர்வைக் கொண்டு, தசையை வெட்டாமலே உள்ளே பார்க்க முடிகிறது. உழைப்பின் தொடக்கத்தில் பாஸ்போகிரியேட்டின் சிதையும்போது ஹைட்ரஜன் அயனி உறிஞ்சப்படுகிறது. அமிலத்தன்மை சற்றுக் குறைகிறது. ஓய்வு தொடங்கியதும் அது மீண்டும் உருவாகிறது. ஹைட்ரஜன் அயனி வெளிப்படுகிறது. எனவே ஓய்வின் முதல் கணங்களில் தசையின் அமிலத்தன்மை குறைவதற்குப் பதில் சற்றுக் கூடவும் செய்யலாம். கழுவும் கதைக்கு இது நேர் மாறு அல்லவா?

அப்படியானால் அமிலத்திற்குக் களைப்பில் பங்கே இல்லையா? அப்படிச் சொல்வதும் பிழையே. கடும் உழைப்பில் தசையின் பி.எச். அளவு ஏறக்குறைய 7.0இலிருந்து 6.5க்கு இறங்கும். அரைதானே என்று எண்ண வேண்டாம். இது மடக்கை அளவு. ஹைட்ரஜன் அயனிகள் மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிட்டன என்று பொருள். ஆனால் இதுவே முழுக் காரணம் அன்று. 1951இல் இலண்டன் மருத்துவர் மெக்கார்டில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். உழைத்தால் அவருக்கு லாக்டிக் அமிலம் கூடுவதே இல்லை. ஆயினும் தசை விரைவில் வலித்துச் சோர்ந்தது. பாஸ்போகிரியேட்டின் சிதைவதால் பெருகும் பாஸ்பேட் அயனியும் தசையின் இழுவிசையைக் குறைக்கிறது என்று இன்று அறிகிறோம். லாக்டேட்டோ வெறும் கழிவன்று. இதயத் தசை அதை எரிபொருளாகவே பயன்படுத்துகிறது. மறுநாள் வரும் தசை வலிக்கும் அது காரணமன்று. ஓரிரு மணி நேரத்திற்குள் அது பழைய அளவுக்கு வந்துவிடும்.

சுவீடன் சோதனையிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அது ஒரு மனிதரைக் கொண்டு செய்யப்பட்டது. அரை நிமிடம் என்பது எல்லார்க்கும் பொருந்தும் மந்திர எண் அன்று. வேலையின் கடுமை மிக மிக, அரை நிமிடத்திலேயே கிணறு வற்றிவிடக்கூடும்.

ஒரு சொல் பிழையைத் திருத்த இவ்வளவு வாதம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஓய்வு என்பது அழுக்கைக் கழுவுவது என்று நம்புபவர், “முதலில் வேலையை முடி, பிறகு சேர்த்து ஓய்வெடு” என்று சொல்வார். மூட்டையை இறக்கி வைத்து அரை நிமிடம் நிற்பவரை மேற்பார்வையாளர் சோம்பேறி என்கிறார். மைதானத்தில் சற்று நிற்கும் பிள்ளையை ஆசிரியர் அதட்டுகிறார். கையிருப்பை நிரப்புவதே ஓய்வு என்று உணர்ந்தால் இந்த அதட்டல் தவறென்று விளங்கும். நாளின் இறுதியில் தரும் நீண்ட ஓய்வு, இடையே மறுத்த சிறு ஓய்வுகளுக்கு ஈடாகாது. பாடக் குறிப்பில் அந்த வாக்கியத்தை அடுத்த முறை காணும்போது, ‘கழுவுதல்’ என்பதை அடித்து ‘நிரப்புதல்’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.