பாரம் தூக்கியவர்களின் நடை

மெட்டல் என்றாலே வேகம் என்று நினைப்பவரிடம் ஸ்லீப் குழுவின் 'டோப்ஸ்மோக்கர்' தொகுப்பைக் கொடுத்துப் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் "பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்பார். நியாயமான கேள்விதான். குரல் வரவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. தலைப்புப் பாடல் மட்டும் 63 நிமிடம்.

ஸ்டோனர் டூம் என்ற வகைப்பெயரிலேயே கஞ்சா புகைகிறது. அதனால் 'போதைக்காரன் சமாச்சாரம்' என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு இது ஊர்வல இசையாகத்தான் கேட்கிறது.

இந்த ஒலி ஒரு விபத்திலிருந்து வந்தது. பிளாக் சப்பாத்தின் டோனி அயோமி, பர்மிங்காம் தகரப் பட்டறையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். வலி குறைய கிட்டார் தந்திகளைத் தளர்த்தினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சுருதி மூன்று அரைச்சுரம் கீழே போயிருந்தது. கலிஃபோர்னியாக்காரர்களான ஸ்லீப் இன்னும் ஒரு அரைச்சுரம் இறங்கினார்கள். மாட் பைக்கின் கிட்டாரும் அல் சிஸ்னேரோஸின் பேஸும் ஒரே ரிஃப்பைச் சேர்ந்து இழுக்கின்றன. நாகஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுபவர் ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருப்பாரே, அந்த வேலையையும் இங்கே ரிஃப்பே பார்த்துக்கொள்கிறது. அடியில் சுரம் நிற்கிறது, மேலே ரிஃப் நடக்கிறது. கிறிஸ் ஹாக்கியஸின் டிரம்ஸ் அந்த நடையை அவசரப்படுத்துவதே இல்லை.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுற்றுவட்டாரச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து சேர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேகம் புதிதல்ல. மேளம் நடையைத் தீர்மானிக்கிறதா, நடை மேளத்தையா என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியாது. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரிக்கு வரிகளே கிடையாது, சொற்கட்டுதான். தோளில் பாரம் உள்ளவர் ஓட மாட்டார். அந்தக் கனம் டோப்ஸ்மோக்கரின் ஒவ்வொரு அடியிலும் இருக்கிறது.

வரிகளும் ஒரு யாத்திரையைத்தான் சொல்கின்றன. உலக வாழ்க்கையை உதறிவிட்டுப் பாலைவனம் வழியாக நாசரேத் நோக்கிப் போகிறது ஒரு கூட்டம். சொற்களெல்லாம் பைபிளிலிருந்து எடுத்தவை. தெய்வம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் புகை. எழுதிப் பார்த்தால் கல்லூரி விடுதி ஜோக்தான். ஆனால் சிஸ்னேரோஸ் அதைச் சிரிக்காமல் பாடுகிறார். பாடுகிறார் என்பதுகூடச் சரியில்லை, ஓதுகிறார். ஏறக்குறைய ஒரே சுரத்தில் அசை அசையாக நீட்டி ஓதும்போது, கிண்டல் எங்கோ பின்தங்கிவிடுகிறது.

குறையும் இங்கேதான். இந்தக் கூட்டத்தில் யாருக்கும் முகமில்லை. பாலைவனத்தில் நடக்கிறார்கள், தாகம் எடுத்ததாகத் தெரியவில்லை. கடற்கரைக்கு வரும் ஒவ்வொரு சாமிக்கும் ஓர் ஊர் உண்டு, தெரு உண்டு, "யார் முன்னாடி போறது?" என்ற சண்டையும் உண்டு. இவர்கள் எந்த ஊரை விட்டு, எதனால் கிளம்பினார்கள்? வரிகளில் பதிலில்லை. கிட்டார்தான் அந்தத் துயரத்தையும் சேர்த்துச் சுமக்கிறது.

1996இல் பதிவான இந்தப் பாட்டை வெளியிட லண்டன் ரெகார்ட்ஸ் மறுத்தது. குழு கலைந்தது. 1999இல் 'ஜெருசலேம்' என்ற பெயரில் சுருக்கி, ஆறு துண்டாக வந்தது. 2003இல்தான் முழு நீளம் கிடைத்தது. இரண்டையும் கேட்டால் வித்தியாசம் புரியும். ஊர்வலத்தை முச்சந்திக்கு முச்சந்தி நிறுத்தி 'இது இரண்டாம் பாகம்' என்று அறிவித்தால் எப்படியிருக்கும்?

நமக்குப் பக்கத்தில், பெங்களூரின் பேவர் சீ குழு 2012இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தது. ஒலிக்கலவை செய்தவர், டோப்ஸ்மோக்கரைப் பதிவுசெய்த அதே பில்லி ஆண்டர்சன். குழுவின் பெயரில் ஒரு கன்னட வசவு ஒளிந்திருக்கிறது. முதல் பாட்டின் தலைப்பு 'அபிஷ்டு': தமிழ்ப் பிராமண வீடுகளில் திட்டக் கேட்ட அதே சொல். தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, கூடவே ஓர் ஆசையும். பாடுவதென்னவோ ஆங்கிலத்தில்தான்.

தமிழில் இப்படியொரு பாட்டு வந்தால் அதற்குக் கஞ்சா தேவைப்படாது. தந்தியைத் தளர்த்த யாராலும் முடியும். யார் நடக்கிறார்கள், தோளில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் வரிகள்தான் வேண்டும்.